முட்டிக்கு அடியில் ஒரு தலையணை

பெரியவளுக்குப் பக்கவாதம் வந்தபோது உடம்பின் இடது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் தப்பியது. அதைச் சொல்லிச் சொல்லி டாக்டர் சந்தோஷப்பட்டார். நிறையப் பேருக்கு முதலில் போவதே பேச்சுதான், நீங்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றார். சின்னவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வார்டிலேயே தலை நரைக்க ஆரம்பித்த நர்ஸ் அவள். டாக்டர் சொல்வது உண்மை என்று தெரியும். ஆனாலும் எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவைப்பது என்று தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அக்கா, தங்கை என்று இரண்டே பேர். அம்மா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கையைத் தூக்கி வளர்த்தவள் பெரியவள்தான். அதை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை, வேறு யாரையும் மறக்க விட்டதுமில்லை. வீட்டின் முன்னறையில் தையற்கடை வைத்திருந்தாள். துணி கொடுக்க வருகிறவர்களை டேப் வைக்காமலேயே அளந்துவிடுவாள், உடம்பையும் சரி, குடும்பத்தையும் சரி. தங்கையை நர்ஸுக்குப் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு தங்கை எங்கேயும் போய்விடாமல் பார்த்துக்கொண்டதும் அவள்தான்.

சின்னவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது ஒரே ஒரு தடவை. ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருந்தவன். நல்ல பையன், வம்பு தும்பு கிடையாது. எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு நாள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். காரணமும் சொல்லவில்லை, கொஞ்ச நாளில் வேறு ஊருக்கே போய்விட்டான். என்ன குறை கண்டான் என்று சின்னவள் கண்ணாடி முன்னால் நின்று வருஷக்கணக்கில் யோசித்தாள். அப்புறம் ஒரு தடவை அவனுடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து இவள் வார்டிலேயே வந்து படுத்தார். சின்னவள் அந்த அம்மாவை ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவர் அக்கறையாகக் கேட்டார்.

"உனக்கு அந்த வலிப்பு இப்ப எப்படிம்மா இருக்கு? மாத்திரை சாப்பிடறியா?"

எந்த வலிப்பு என்று கேட்டாள். உன் அக்கா வீடு தேடி வந்து சொன்னாளே, தங்கச்சிக்கு வலிப்பு உண்டு, மறைத்துக் கட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று அழுதாளே, தங்கமான மனசு என்றார் அந்த அம்மா. சின்னவள் அந்த அம்மாவின் இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை வைத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவி விட்டு, வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டாள். பெரியவள் மெஷினிலிருந்து காலைக்கூட எடுக்கவில்லை. "ஆமா, சொன்னேன். நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ரவிக்கைக்கு ஓரம் அடித்து முடித்தாள். அன்றைக்கும் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். சாப்பாடு இறங்கியது. அதுதான் சின்னவளுக்குத் தன்மேல் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் வேறு ஊரில் இருந்த ஒரு நர்ஸிங் பள்ளிக்குத் திருட்டுத்தனமாக எழுதிப் போட்டாள். பயிற்சியாளர் வேலை. நோயாளியைப் படுக்க வைப்பது, திருப்புவது, உட்கார்த்துவது, நடத்துவது என்று புதிதாக வரும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது, வேலை கிடைத்துவிட்டது. பெட்டியில் பாதித் துணி அடுக்கியாகிவிட்டது, அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வாரம்தான் பெரியவள் மெஷினிலேயே சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே சின்னவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பாதி உடம்பு விழுந்து கிடக்கிற மனுஷியிடம் சொல்கிற பேச்சா என்றால் இல்லைதான். ஆனால் அப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

"நீ எந்திரிச்சு நடந்ததும் நான் கிளம்பிடுவேன்க்கா. அந்த வேலையை விடப் போறதில்ல."

பெரியவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "நடந்ததுமா?" என்றாள்.

"நடந்ததும்."

பள்ளியில் அடுத்த வகுப்பு தொடங்குகிறவரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். சின்னவள் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

வீட்டுக்கு வந்த புதிதில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அவளை முதலிலேயே கழுவி ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முன்னறை ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டாள். நேரம் தவறாமல் திருப்பினாள். திருப்புவது என்றால் கையைப் பிடித்து இழுப்பதல்ல. விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை இறங்கிவிடும். முட்டியை மடக்கி, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, ஆளை மொத்தமாகத் தன் பக்கம் உருட்ட வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, கால்களுக்கு நடுவில் ஒன்று, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் இருக்க மடித்த துண்டு. மல்லாக்கப் படுக்கும்போது கால் வெளிப்பக்கம் சாயாமல் தொடையை ஒட்டிச் சுருட்டிய போர்வை, பாதம் தொங்கிப் போகாமல் எதிரே ஒரு பலகை.

இப்படி உடம்பில் எல்லா இடத்துக்கும் ஒரு முட்டு உண்டு, ஓர் இடத்தைத் தவிர. மல்லாக்கப் படுத்திருக்கிறவரின் முட்டிக்கு அடியில் தலையணை வைத்து விட்டுவிடக் கூடாது. வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்திலேயே நாள் போனால் நரம்பும் தசையும் சுருங்கி, கால் மடங்கினபடியே நின்றுவிடும். அப்புறம் யார் இழுத்தாலும் நீளாது, நீளாத காலில் யாரும் நிற்கவும் முடியாது. வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் பாசத்தில் செய்கிற முதல் தப்பு இது என்று சின்னவள் வார்டில் எத்தனையோ பேருக்கு விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கை கால் பயிற்சிக்கு ஒரு பிசியோ வந்து போய்க்கொண்டிருந்தார். நெட்டையான, சிரித்த முகமுள்ள ஆள். இரண்டு மூன்று தடவை வந்தபின் பெரியவள் அவரை வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் வந்து காலைப் பிடிக்க வேண்டுமா என்றாள். சின்னவளுக்கும் உள்ளூர அது பெருமையாகத்தான் இருந்தது. நானே பார்த்துக்கொள்கிறேன் சார் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பார்த்துக்கொள்ளவும் செய்தாள். கை அசையவில்லை, ஆனால் காலுக்கு உயிர் வர ஆரம்பித்தது. முதலில் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள் பெரியவள். அப்புறம் ஒரு நாள் காலையில், வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இடது முட்டி மடங்கிவிடாமல் சின்னவள் தன் முட்டியால் முட்டுக்கொடுத்து, இடுப்பை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் வெளியே எட்டிப் பார்த்து, எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டிருக்கும் லட்சணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். சின்னவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா நின்றுவிட்டாளே என்ற சந்தோஷம் கொஞ்சம். நாம் போய்விடலாம் என்ற சந்தோஷம் நிறைய.

அவளைப் படுக்க வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பள்ளிக்குப் போன் போட்டாள். அக்கா நின்றுவிட்டாள், வகுப்பு தொடங்கும்போது நான் அங்கே இருப்பேன் என்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் பெரியவளின் காதுக்கும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

அன்று மத்தியானமே கால் வலி ஆரம்பித்தது. முட்டி கடுக்கிறது, தொங்குகிறது, நெருப்பாக எரிகிறது. முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வை என்றாள் பெரியவள். வைக்கக் கூடாது என்று சின்னவள் காரணத்தோடு விளக்கினாள். காரணத்தை எல்லாம் உன் வார்டில் வைத்துக்கொள் என்று பதில் வந்தது. வலி மாத்திரை கொடுத்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் அதே பாட்டு, அதற்கடுத்த நாளும் அதே பாட்டு. எழுந்து நிற்கலாம் வா என்றால், தலையணை கொடுக்காதவளை நம்பி எப்படி நிற்பது என்றாள். மாடிவீட்டம்மா நலம் விசாரிக்க வந்தால், அவள் காதுபட, ஒரு தலையணைக்குக்கூட நாதியில்லாமல் கிடக்கிறேன் பாருங்கள் என்று மூக்கைச் சிந்தினாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது இவளுக்குக் காய்ச்சல் வந்தால் மடியைவிட்டு இறக்கினதில்லை, இன்றைக்கு நான் கேட்பது ஒரு தலையணை என்று வளர்த்த கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மன அழுத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சின்னவள் நோயாளிகளின் வீட்டாருக்கு வகுப்பே எடுத்திருக்கிறாள். கோபம் வருகிறபோது அறையைவிட்டு வெளியே போங்கள். மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள். மனசு விட்டு யாரிடமாவது பேசுங்கள். தினமும் கொஞ்ச நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்கிறபோது நன்றாகத்தான் இருந்தது. இப்போது அவள் வெளியே போனால் பெரியவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தெருவையே கூட்டினாள். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு மூச்சை இழுத்து விட்டால், தண்ணீர் வீணாகிறது என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. மனசு விட்டுப் பேசலாம் என்று மாடிவீட்டம்மாவிடம் போனாள். அந்த அம்மா, பாவம் உங்கள் அக்கா, கேட்டதைக் கொடுத்தால்தான் என்ன குறைந்துவிடப் போகிறது என்றாள்.

ஒரு நாள் சோற்றை ஊட்டிக்கொண்டிருக்கும்போது பெரியவள் அதே தலையணைப் பேச்சை எடுக்க, சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தலையணையை எடுத்தாள். அக்காவின் காலைத் தூக்கி முட்டிக்கு அடியில் செருகினாள்.

வீடு சட்டென்று அமைதியாகிவிட்டது. அப்பாடா என்றாள் பெரியவள். கண்ணை மூடித் தூங்கிப் போனாள். சின்னவள் சமையலறையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் காபியைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் கிடைத்த காபி அது.

கொஞ்ச நேரம் இருக்கட்டும், தூங்கினதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். எடுக்கவும் செய்தாள். எடுத்த உடனே பெரியவள் விழித்துக்கொண்டாள், கச்சேரி மறுபடி ஆரம்பித்தது. மறுநாள் எடுக்காமல் இருந்து பார்த்தாள். மத்தியானம் முழுக்க நிம்மதி. அதற்கு மறுநாள் கேட்பதற்கு முன்பே கொண்டுவந்து வைத்தாள். நாலு நாள் இப்படி இருந்தால் ஒன்றும் ஆகாது, ஒரு வாரம் உட்கார்ந்து இழுத்துவிட்டால் நீண்டுவிடும், எத்தனை காலைப் பார்த்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். விஷயம் தெரியாத பெண்டாட்டிகளும் பிள்ளைகளும் பயந்தாவது டாக்டரைக் கூப்பிடுவார்கள். தெரிந்தவளுக்கு அந்தப் பயம் இல்லாமல் போனதுதான் வினை.

இதுவரை அதைச் சோர்வு என்று சொல்லலாம். ஒரு பிற்பகலில் அதற்கு வேறு பெயர் வந்தது.

அன்று பெரியவள் நல்ல மனநிலையில் இருந்தாள். கால் சுகமாக மடங்கியிருந்தது, வயிறு நிறைந்திருந்தது, பழைய கதை பேச ஆசை வந்துவிட்டது. மருந்துக் கவுண்டர்காரனைப் பற்றிப் பேச்செடுத்தாள். அவனுக்கு இரண்டு பெண்களாம், மூத்த பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டதாம், துணி தைக்க வந்த ஒருத்தி முன்பு சொன்னாளாம்.

"உன்னைக் கட்டியிருந்தா உனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருந்திருக்கும். ஆனா அவளா இந்தப் பீயும் மூத்திரமும் அள்ளப் போறா? நான் அன்னிக்கு வாயைத் திறந்தது நல்லதாப் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, மறுபக்கம் அப்படியே இருந்தது. சின்னவள் அலமாரிக்குப் போய் இன்னொரு தலையணையை எடுத்துவந்து, ஏற்கெனவே இருந்ததன்மேல் வைத்தாள். கால் இன்னும் மடங்கி உயர்ந்தது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"சொர்க்கமா இருக்குடி" என்றாள் பெரியவள்.

சின்னவள் தலையணையின் மூலைகளை இழுத்துச் சரிசெய்தாள். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு மயிரிழை பிசகாமல் தெரிந்தது. கிட, நன்றாகக் கிட என்று நினைத்தாள். அந்த நினைப்பு இனித்தது. அன்றிலிருந்து திருப்புவதும் குறைந்தது, கட்டில் ஓரத்தில் உட்கார்த்துவதும் நின்றது. அக்கா வேண்டாம் என்கிறாள், நான் என்ன செய்ய என்று கேட்கிறவர்களிடம் சொன்னாள். பொய்யில்லை, அக்கா வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் நோயாளி முகத்தில் தெளிவு வந்திருக்கிறது, இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளச் சின்னவள் கூசவில்லை.

துடைத்துவிடும்போது காலை நீட்டிப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள். மடங்கியபடியே துடைத்தாள், மடங்கியபடியே போர்த்தினாள். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடும் என்கிற மாதிரி. பள்ளியிலிருந்து போன் வந்தது, வகுப்பு தொடங்கப் போகிறது, எப்போது வருகிறீர்கள் என்று. அன்றைக்குத்தான் அவள் இரண்டு தலையணைகளையும் உருவி எறிந்துவிட்டு, அக்காவின் குதிகாலைப் பிடித்து, முட்டியை மேலிருந்து அமுக்கினாள். கால் கொஞ்சம் வந்தது. அப்புறம் கட்டை மாதிரி நின்றுவிட்டது. பெரியவள் அலறிய அலறலில் மாடியிலிருந்து கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து சின்னவள் விடவில்லை. தினமும் இழுத்தாள், ஒத்தடம் கொடுத்து இழுத்தாள், மணல் மூட்டையை மேலே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியில்லாமல் அந்த நெட்டைப் பிசியோவைக் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். போர்வையை விலக்கினார். சிரித்த முகம் அப்படியே சுருங்கியது. முட்டியைச் சுற்றி விரலால் தடவி, மெதுவாக நீட்டிப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, திரும்பவும் முட்டிக்கே வந்தார். இது இறுகிப்போய்விட்டது, இனிமேல் பயிற்சிக்கு வராது என்றார். அறுவை சிகிச்சை செய்யலாம், ஆனால் அம்மாவுக்கு இதயமும் பலவீனம், அதை வைத்துக்கொண்டு மயக்க மருந்து கொடுக்க எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். நடை என்கிற பேச்சை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பிறகு சின்னவளைப் பார்த்தார். நர்ஸாக இருந்துகொண்டு எப்படி இதை விட்டீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்திருக்கும். மரியாதைக்கு விழுங்கிவிட்டு, கட்டிலின் பக்கம் திரும்பினார்.

"நான் மொத நாளே ஆஸ்பத்திரியில உங்ககிட்ட சொன்னேனேம்மா. சிஸ்டர் மருந்து வாங்கக் கீழ போயிருந்தாங்க, நீங்க மட்டும்தான் இருந்தீங்க. எது வேணா பண்ணுங்க, முட்டிக்கு அடியில தலையணை மட்டும் வேண்டாம், வெச்சா அப்புறம் நடக்கவே முடியாதுன்னு சொன்னேனே. நீங்ககூட ரெண்டு தடவை திருப்பிக் கேட்டீங்க. ஞாபகம் இல்லையா?"

"இருக்கு" என்றாள் பெரியவள்.

பிசியோ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சின்னவள் கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"தெரிஞ்சேவா கேட்டே?"

"தெரிஞ்சேதான் கேட்டேன். நின்ன அன்னிக்கே நீ போன் போட்டியே. நான் நடந்தா நீ போயிடுவே. அதான் நடக்கல."

சொல்லும்போது பெரியவளின் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. தைத்து முடித்த துணியை உதறிக் காட்டுகிற நிதானம் இருந்தது. ஒரு கால் போனால் போகட்டும், தங்கை நின்றுவிட்டாள் என்ற கணக்கு. சின்னவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் ரகசியமாக ஊட்டிய விஷத்தை எதிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். இத்தனை நாள் பழி தீர்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் எடுபிடி வேலை. சொல்லப்போனால் அக்கா இட்ட வேலையைத்தான் அவள் இப்போதும் செய்திருக்கிறாள்.

"நீ மட்டும் என்ன, தெரியாமயா வெச்சே?" என்றாள் பெரியவள். "ரெண்டாவது தலையணை வெச்சப்ப உன் முகத்தை நான் பாத்தேன்டி. போகட்டும். ரெண்டு பேருக்கும் தெரியும், வெளிய யாருக்கும் தெரிய வேண்டாம். போய்ச் சோத்தை வை."

சின்னவள் போகவில்லை. அக்காவின் பேச்சு ஒன்றுவிடாமல் அவளுக்குள் ஓடியது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. எல்லாவற்றையும் அளந்து வெட்டுகிறவள் அந்த ஓர் இடத்தில் தையலுக்குத் துணி விடாமல் வெட்டியிருந்தாள்.

"நீ நடந்ததும் போவேன்னு சொன்னேன். நடக்கலைன்னா இருப்பேன்னு நான் எப்பக்கா சொன்னேன்?"

பெரியவள் வலது கையால் போர்வையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று இருந்தது. சின்னவளுக்கு அங்கே தெரிந்தவர்கள் உண்டு. சொன்ன உடனே கட்டில் ஒதுக்கிவிட்டார்கள். மாடிவீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை நாள்தான் ஒருத்தியே தாங்குவாள், யாரும் தப்பு சொல்லமுடியாது என்றாள். யாரும் சொல்லவில்லை.

பெரியவள் முதலில் நம்பவில்லை. மிரட்டுகிறாள் என்று நினைத்தாள். பெட்டியில் மீதித் துணியும் அடுக்கப்படுவதைப் பார்த்த பிறகு வளர்த்த கதையைச் சொல்லிப் பார்த்தாள், அம்மாவின்மேல் சத்தியம் வைத்தாள், நான்தானே உன்னைப் படிக்க வைத்தேன் என்றாள். எல்லாவற்றுக்கும் சின்னவள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே துணி மடித்தாள். கடைசியில் பெரியவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டு, ஆள் இல்லாத நேரத்தில், வலது கையால் இடது முட்டியை அமுக்க ஆரம்பித்தாள். கதவிடுக்கில் சின்னவள் அதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, தன் காலைத் தானே நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கணக்காக. ஒரு சத்தம் வெளியே வரவில்லை. நடந்து காட்டினால் இல்லத்துக்கு அனுப்பமாட்டாள் என்று நினைத்தாளோ, இல்லை, அவள் போகிற இடத்துக்குப் பின்னாலேயே போகலாம் என்று நினைத்தாளோ. சின்னவள் உள்ளே போய்க் கையைப் பிடித்திருக்கலாம். போகவில்லை.

இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்த காலையில் இரண்டு பையன்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்ல மாதிரியான பையன்கள், அம்மா அம்மா என்று பேசிக்கொண்டே விரிப்போடு சேர்த்துத் தூக்கி மாற்றினார்கள். மல்லாக்கப் படுக்க வைத்ததும் இடது கால் மட்டும் படியாமல் கூடாரம் போட்டது போல நின்றது. ஒருவன் அதைப் பார்த்து இரக்கப்பட்டு, கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்து அந்த முட்டிக்கு அடியில் வைக்கப் போனான்.

"வேண்டாம்ப்பா" என்றாள் பெரியவள் பதறிப்போய். "அங்க வைக்காதே. வெச்சா நடக்க முடியாது."

பையன் கையில் தலையணையோடு சின்னவளைத் திரும்பிப் பார்த்தான். அவள்தானே நர்ஸ், அவள்தானே சொல்ல வேண்டும். பெரியவளும் தங்கையைத்தான் பார்த்தாள். அந்தக் கண்ணில் கெஞ்சல் இருந்தது. சின்னவள் பிறந்ததிலிருந்து பார்த்திராத கெஞ்சல்.

"வைங்க தம்பி. இனிமே கெட்டுப்போக ஒண்ணுமில்ல" என்றாள் சின்னவள்.

அவன் வைத்தான். எடுக்கச் சொல்லுடி, எடுக்கச் சொல்லுடி என்று பெரியவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சின்னவள் போர்வையை இழுத்துத் தலையணை தெரியாமல் மூடி, மூலைகளை மடித்துச் செருகிவிட்டு, அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.